குடிமைப் பணித் தேர்வுத் தயாரிப்பு: எந்தக் கட்டத்தில் எந்தத் தவறு நடக்கிறது, அதை எப்படித் தவிர்ப்பது?

யு.பி.எஸ்.சி.யின் 2024 குடிமைப் பணித் தேர்வுக்கு 9,92,599 பேர் விண்ணப்பித்தார்கள். பிரிலிம்ஸ் (முதல்நிலைத் தேர்வு) எழுத வந்தவர்கள் 5,83,213 பேர். மெயின்ஸுக்கு (முதன்மைத் தேர்வுக்கு) தகுதி பெற்றவர்கள் 14,627 பேர். நேர்முகத் தேர்வுக்கு 2,845 பேர் அழைக்கப்பட்டார்கள். கடைசியில் பணிக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்கள் 1,009 பேர்.

இந்தக் கணக்கைச் சொல்வது பயமுறுத்துவதற்காக இல்லை. விண்ணப்பித்தவர்களில் நான்கு லட்சம் பேர் தேர்வுக்கூடத்துக்கே வரவில்லை. வந்தவர்களிலும் கணிசமானவர்கள் போதிய தயாரிப்பு இல்லாமல் வந்தவர்கள். அவர்களையெல்லாம் கழித்துவிட்டால் மிஞ்சும் கூட்டம் ஒன்று இருக்கிறது. தினமும் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் உண்மையாகவே படித்தும் ஏதோ ஒரு கட்டத்தில் நின்றுபோகிறவர்கள். இந்த வழிகாட்டி அவர்களுக்காகவும், இந்த ஆண்டு புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காகவும்.

இவர்களிடம் உழைப்பில் குறை காண முடியாது. இவர்கள் புத்தகத்தைப் பார்த்துப் படிக்கிறார்கள், கேள்வித்தாளைப் பார்த்துப் படிப்பதில்லை. அங்கேதான் சிக்கல். கீழே சொல்லும் பிழைகளில் பெரும்பாலானவை இதிலிருந்து கிளைத்தவைதான்.

முதல் படி: அறிவிப்பை ஒரு வரி விடாமல் படியுங்கள்

ஆண்டுக்கணக்கில் தயாராகிறவர்கள்கூட யு.பி.எஸ்.சி. அறிவிப்பை முழுதாகப் படித்திருப்பதில்லை. யாரோ சொன்னதை வைத்தே ஓட்டிவிடுகிறார்கள்.

பொதுப் பிரிவினருக்கு 32 வயது வரை 6 வாய்ப்புகள். ஓ.பி.சி. பிரிவினருக்கு 35 வயது வரை 9 வாய்ப்புகள். எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 37 வயது வரை எண்ணிக்கை வரம்பு இல்லை. குறைந்தபட்ச வயது எல்லோருக்கும் 21. வயது, தேர்வு நடக்கும் ஆண்டின் ஆகஸ்ட் 1-ஆம் தேதியை வைத்துக் கணக்கிடப்படும். விண்ணப்பித்துவிட்டு எழுதாமல் இருந்தால் வாய்ப்பு கழியாது. ஆனால் பிரிலிம்ஸில் ஒரே ஒரு தாளை எழுதினாலும் ஒரு வாய்ப்பு போய்விடும். 'சும்மா அனுபவத்துக்காக ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன்' என்று பாடத்திட்டத்தில் பாதியைக்கூடத் தொடாமல் போய் உட்காருவது, அதிலும் ஆறே வாய்ப்புகள் உள்ள ஒருவருக்கு, பெரிய இழப்பு. அந்த அனுபவம் வேண்டுமென்றால் பழைய வினாத்தாளை எடுத்து, காலை 9.30-க்கு ஒரு தாள், மதியம் 2.30-க்கு ஒரு தாள் என்று வீட்டிலேயே எழுதிப் பாருங்கள். வாய்ப்பு மிச்சமாகும்.

சான்றிதழ் விஷயத்தில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அடிக்கடி தடுமாறுகிறார்கள். நம்மிடம் இருப்பது பெரும்பாலும் மாநில அரசு தந்த பி.சி. அல்லது எம்.பி.சி. சாதிச் சான்றிதழ். அதை அப்படியே யு.பி.எஸ்.சி.க்குக் கொடுக்க முடியாது. உங்கள் சாதி ஓ.பி.சி.க்கான மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அப்புறம் மத்திய அரசு வகுத்த படிவத்தில், கிரீமி லேயரில் (இட ஒதுக்கீடு பெற முடியாத வசதி படைத்த பிரிவில்) வராதவர் என்ற சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும். எந்த நிதியாண்டுகளின் வருமானத்தை வைத்து, எந்தத் தேதிக்குள் அது வாங்கப்பட்டிருக்க வேண்டும் என்பதும் அறிவிப்பிலேயே இருக்கும். இ.டபிள்யூ.எஸ். (பொருளாதாரத்தில் நலிந்த பொதுப் பிரிவினர்) சான்றிதழுக்கும் இதே கவனம் வேண்டும். விண்ணப்பத்தின் கடைசி வாரத்தில் தாலுகா அலுவலகத்துக்கு அலைவதைவிட, அறிவிப்பு வருவதற்கு முன்பே என்னென்ன வேண்டும் என்று விசாரித்து வையுங்கள்.

இரண்டாம் படி: பாடத்திட்டத்தை உடைத்துப் பாருங்கள்

பாடத்திட்டத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். அதில் உள்ள ஒவ்வொரு வரியும் பல கேள்விகளைத் தனக்குள் வைத்திருக்கிறது. மெயின்ஸ் பொது அறிவு இரண்டாம் தாளில் ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்: 'உள்ளாட்சி நிலை வரை அதிகாரங்களையும் நிதியையும் பகிர்ந்தளித்தல், அதில் உள்ள சவால்கள்'.

இந்த ஒரு வரிக்குக் கீழே என்னென்ன வரும்? 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 73-ஆவது திருத்தம். ஊராட்சிகளுக்கான 29 பொருள்களைச் சொல்லும் 11-ஆவது அட்டவணை. நகராட்சிகளுக்கு 74-ஆவது திருத்தம், 18 பொருள்களைச் சொல்லும் 12-ஆவது அட்டவணை. மாநில நிதி ஆணையம் பற்றிய 243-ஐ பிரிவு, மத்திய நிதி ஆணையம் பற்றிய 280-ஆவது பிரிவு. மத்திய வரி வருவாயில் மாநிலங்களுக்கு 41 சதவீதம் என்று 15-ஆவது நிதி ஆணையம் சொன்னது. சொத்து வரியை உள்ளாட்சிகள் ஏன் முழுதாக வசூலிப்பதில்லை, மாநிலங்கள் ஏன் அதிகாரத்தைக் கீழே விடத் தயங்குகின்றன என்ற நடைமுறைக் கேள்விகள் வேறு.

இப்படி ஒவ்வொரு வரிக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பழைய வினாத்தாள்களில் அந்த வரியிலிருந்து வந்த கேள்விகளை அதன் கீழே எழுதுங்கள். மெயின்ஸின் இப்போதைய அமைப்பு 2013-இல் வந்தது என்பதால் அந்த ஆண்டு முதல் உள்ள தாள்களை எடுத்துக்கொண்டால் போதும். சில வரிகளுக்குக் கீழே கேள்விகள் குவியும், சிலவற்றில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். எதற்கு எவ்வளவு நேரம் என்ற முடிவு அங்கிருந்து வர வேண்டும். இந்த வேலைக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும், புத்தகம் படிப்பதுபோலத் திருப்தியும் தராது. அதனால்தான் பலர் இதைத் தவிர்த்துவிட்டு நேராக முதல் அத்தியாயத்துக்குப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து தவிர்க்காதீர்கள்.

மூன்றாம் படி: புத்தகங்களைக் குறையுங்கள்

ஒரு பாடத்துக்கு ஒரு அடிப்படை நூல், ஒரு நோட்டு. இதற்கு மேல் தேவைப்படுவது அரிது. என்.சி.இ.ஆர்.டி. பாடநூல்களில் அடித்தளம், அதன் மேல் ஒரு தரமான நூல், அதே நூலைத் திரும்பத் திரும்ப வாசிப்பது என்று போனால் போதும். ரேங்க் வாங்கிய ஒவ்வொருவரின் பட்டியலையும் பார்த்து, அரசியலமைப்புக்கு மூன்று புத்தகம், பொருளாதாரத்துக்கு நான்கு நோட்ஸ் என்று சேர்த்துக்கொண்டே போனால், ஒன்றும் இரண்டாம் முறை படிக்கப்படாது. முதல் வாசிப்பில் புரிந்ததெல்லாம் தேர்வு நாளில் நினைவுக்கு வரும் என்று நம்பிவிடாதீர்கள். நான்கு விடைகளும் கிட்டத்தட்ட சரிபோலத் தெரியும் கேள்வியில், எங்கேயோ படித்த ஞாபகம் கைகொடுக்காது.

டெலிகிராம் குழுக்களில் வரும் பி.டி.எஃப்.களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பதிவிறக்கம் செய்ததும் படித்ததுபோல ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதி ஆபத்தானது. ஒரு மாதமாகத் திறக்காத கோப்பை அழித்துவிடுங்கள்.

பயிற்சி மையம் சேர்வது பற்றிய கேள்வியும் இதோடு சேர்ந்தது. கடன் வாங்கி டெல்லிக்குப் போவதற்கு முன், சென்னையில் தமிழ்நாடு அரசு நடத்தும் அகில இந்திய குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி மையத்தின் நுழைவுத் தேர்வை எழுதிப் பாருங்கள். நான் முதல்வன் திட்டத்தில் மதிப்பீட்டுத் தேர்வு மூலம் தேர்வாகும் 1,000 பேருக்கு மாதம் 7,500 ரூபாய் வீதம் 10 மாதங்களுக்கு ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. பிரிலிம்ஸ் தாண்டியவர்களுக்கு மெயின்ஸ் தயாரிப்புக்காக 25,000 ரூபாயும் உண்டு. இவற்றை அறியாமலேயே சேமிப்பைக் கரைத்த குடும்பங்கள் இருக்கின்றன.

நான்காம் படி: செய்தித்தாளில் செய்தியைத் தேடாதீர்கள்

காலையில் மூன்று மணி நேரம் செய்தித்தாளுக்கே போகிறது என்றால் எங்கோ தவறு இருக்கிறது. அரசியல் தலைவர்கள் ஒருவரையொருவர் என்ன சொன்னார்கள் என்பது தேர்வுக்கு வேண்டாம். அந்தச் செய்திக்குப் பின்னால் இருக்கும் அமைப்பும் சட்டமும்தான் வேண்டும்.

ஜி.எஸ்.டி. கவுன்சில் கூட்டம் நடந்து, ஏதோ ஒரு பொருளுக்கு வரி குறைந்தது என்று செய்தி வருகிறது. வழக்கமாக என்ன செய்கிறோம்? எந்தப் பொருளுக்கு எத்தனை சதவீதம் என்று எழுதி வைக்கிறோம். அடுத்த கூட்டத்தில் அது மாறிவிடும். அதற்குப் பதிலாக இப்படி எழுதுங்கள்: 2016-இன் 101-ஆவது திருத்தம், 279-ஏ பிரிவு, தலைவர் மத்திய நிதியமைச்சர், வாக்கு மதிப்பில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு, மாநிலங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு, முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு பெரும்பான்மை. அதாவது மத்திய அரசு ஒத்துக்கொள்ளாமல் எந்த முடிவும் எடுக்க முடியாது, மாநிலங்களின் ஆதரவு இல்லாமல் மத்திய அரசாலும் முடியாது. கூட்டாட்சி பற்றிய ஒரு கேள்விக்கு இது உயிரான உதாரணம். அந்தப் பொருளின் வரி விகிதம் ஓரத்தில் ஒரு வரியாக இருந்தால் போதும்.

ஒரு மணி நேரம், கூடிப்போனால் ஒன்றரை மணி நேரம். இதற்குமேல் இழுத்தால் வேறு பாடத்தின் நேரத்தைத் தின்கிறீர்கள். தினசரி செய்தித்தாள், மாத இதழ், மூன்று யூடியூப் சேனல் என்று ஒரே செய்தியை ஐந்து இடத்தில் பார்ப்பதும் இதே வகைதான்.

ஐந்தாம் படி: பிரிலிம்ஸில் துணிச்சலுக்கும் கணக்கு உண்டு

பொது அறிவுத் தாளில் 100 கேள்விகள், 200 மதிப்பெண், இரண்டு மணி நேரம். தவறான விடைக்கு, அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 0.66 குறையும். பதில் எழுதாமல் விட்டால் ஒன்றும் குறையாது. இதை எல்லோரும் அறிவார்கள். ஆனால் இதை வைத்து எத்தனை கேள்விக்குப் பதில் எழுதுவது என்று கணக்குப் போட்டவர்கள் குறைவு.

நான்கு விடைகளில் எதையும் நீக்க முடியாமல் குருட்டாம்போக்கில் எழுதினால், சராசரியாக வரவும் செலவும் சமமாகிவிடும், லாபம் இல்லை. ஒரு விடையை நீக்க முடிந்தால் ஒரு கேள்விக்குச் சராசரியாக 0.22 வரவு. இரண்டை நீக்க முடிந்தால் 0.67 வரவு.

இதை ஒரு முழுத் தாளில் வைத்துப் பார்ப்போம். உங்களுக்கு 35 கேள்விகள் சரியாகத் தெரியும்: 70 மதிப்பெண். இன்னொரு 30 கேள்விகளில் இரண்டு விடைகளை நீக்கிவிட்டீர்கள், மிச்சம் இரண்டில் எது என்று தெரியவில்லை. பயந்து விட்டுவிட்டால் உங்கள் மதிப்பெண் 70-லேயே நிற்கும். பொதுப் பிரிவின் கட்-ஆஃப் (தேர்ச்சிக்குத் தேவையான குறைந்தபட்ச மதிப்பெண்) மிகவும் இறங்கிய 2023-இல்கூட அது 75.41. இப்போது அந்த 30-ஐயும் எழுதுகிறீர்கள், பாதி சரி, பாதி தவறு. 30 கூடும், 10 குறையும், ஆக மொத்தம் 90. 2024-இன் கட்-ஆஃப் 87.98, தாண்டிவிட்டீர்கள். மிச்சமுள்ள 35 கேள்விகளையும் கண்ணை மூடிக்கொண்டு எழுதினால்? கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம். அந்தச் சூதாட்டம் தேவையில்லை.

இது தேர்வுக்கூடத்தில் கற்றுக்கொள்ளும் விஷயம் இல்லை. ஒவ்வொரு மாக் டெஸ்டிலும், விடை எழுதும்போதே கேள்வி எண்ணுக்குப் பக்கத்தில் மூன்று வகையாகக் குறியிடுங்கள்: உறுதி, இரண்டில் ஒன்று, குருட்டு. திருத்தும்போது ஒவ்வொரு வகையிலும் எத்தனை சரி என்று எண்ணுங்கள். சிலருக்கு 'உறுதி' என்று போட்டதிலேயே கால்வாசி தவறாக இருக்கும். அவர்களுக்கு வேண்டியது ரிவிஷன். சிலருக்கு 'இரண்டில் ஒன்று' மூன்றில் இரண்டு பங்கு சரியாக வரும். அவர்கள் இன்னும் கொஞ்சம் துணியலாம். மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த டெஸ்டுக்குப் போவதால்தான், முப்பது டெஸ்ட் எழுதியும் பலர் முதல் டெஸ்டில் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2023 தாளில் 'மேற்கண்டவற்றில் எத்தனை கூற்றுகள் சரி?' என்ற வகைக் கேள்விகள் நிறைய வந்தன. அதில் ஒரு கூற்று தெரிந்தாலும் விடைகளை நீக்குவது கடினம். நீக்கும் தந்திரத்தை மட்டும் நம்பியவர்கள் அந்த ஆண்டு திணறினார்கள். மேலே போட்ட கணக்கு, பாடம் தெரிந்தவருக்கு மட்டுமே உதவும்.

சி-சாட்டை ஒதுக்காதீர்கள்

பிரிலிம்ஸின் இரண்டாம் தாளான சி-சாட் (வாசிப்பு, கணக்கு, தர்க்கத் திறனைச் சோதிக்கும் தாள்) 2015 முதல் வெறும் தகுதித் தாள்: 33 சதவீதம் எடுத்தால் போதும். 80 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 2.5 மதிப்பெண். ஒன்றுகூடத் தவறாகாமல் 27 சரியாக இருந்தால் தாண்டிவிடலாம். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் பொது அறிவுத் தாளில் கட்-ஆஃபுக்கு மேல் எடுத்தும் சி-சாட்டில் வீழ்ந்தவர்களைப் பார்க்கும்போது மனது கஷ்டப்படுகிறது. ஓராண்டு உழைப்பு, 66 மதிப்பெண் வராததால் திருத்தவே படாததுபோல ஆகிவிடுகிறது.

பிரிலிம்ஸ் கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் வரும். பள்ளி, கல்லூரி இரண்டையும் தமிழ் வழியில் முடித்தவருக்கு, பத்தி வாசித்து விடை எழுதும் பகுதிதான் அதிக நேரத்தைத் தின்னும். தினமும் ஒரு ஆங்கிலத் தலையங்கத்தைக் கடிகாரம் வைத்து வாசியுங்கள். வாசித்ததும் அதன் மையக் கருத்தை ஒரே வரியில், தமிழிலேயே, எழுதுங்கள். கணக்கில் தகராறு உள்ளவர்கள் எண் அமைப்பு, சதவீதம், விகிதம், வேகம்-தூரம் ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். பொறியியல் படித்தவர்கள் 'நமக்கு இது ஒன்றும் இல்லை' என்று கடைசி வாரம் வரை தொடாமல் இருப்பதும் அதே அளவுக்கு ஆபத்து. ஜனவரியிலேயே ஒரு பழைய தாளை முழுதாக எழுதிப் பாருங்கள். 100-க்குக் கீழே வந்தால், வாரத்தில் இரண்டு நாள் சி-சாட்டுக்கு என்று ஒதுக்கிவிடுங்கள்.

ஆறாம் படி: மெயின்ஸ் விடையை இன்றைக்கே எழுதத் தொடங்குங்கள்

'பாடத்தை முடித்துவிட்டு எழுத ஆரம்பிக்கிறேன்.' இந்த ஒரு முடிவு எத்தனையோ பேரை மெயின்ஸில் நிறுத்தியிருக்கிறது. பாடம் முடியவே முடியாது. பிரிலிம்ஸுக்கும் மெயின்ஸுக்கும் இடையே கிடைப்பது சுமார் மூன்று மாதம். அதில் ஆப்ஷனலை (விருப்பப் பாடத்தை) ரிவைஸ் செய்ய வேண்டும், நான்கு பொது அறிவுத் தாள்களையும் பார்க்க வேண்டும், கட்டுரைக்கும் தயாராக வேண்டும். அங்கே போய் எழுதக் கற்றுக்கொள்ள நேரம் எங்கே இருக்கிறது?

ஒரு பொது அறிவுத் தாளின் வழக்கமான அமைப்பு இது: 150 சொற்களில் விடையளிக்கும் 10 மதிப்பெண் கேள்விகள் பத்து, 250 சொற்களில் விடையளிக்கும் 15 மதிப்பெண் கேள்விகள் பத்து. மொத்தம் 4,000 சொற்கள், மூன்று மணி நேரம். சிறிய கேள்விக்கு 7 நிமிடம், பெரிய கேள்விக்கு 11 நிமிடம் என்றால் 180 நிமிடமும் சரியாகத் தீர்ந்துவிடும், யோசிக்கும் நேரமும் அதற்குள்ளேயே. ஒரே நாளில் இரண்டு தாள் எழுத வேண்டும். கைக்கு அந்தப் பழக்கம் இல்லாவிட்டால், மதியத் தாளின் கடைசி நான்கு கேள்விகள் காலியாகப் போகும். 50-60 மதிப்பெண்ணுக்கான கேள்விகளைத் தொடாமல் விட்டுவிட்டு, மற்ற விடைகளை எவ்வளவு அழகாக எழுதினாலும் ஈடுகட்ட முடியாது.

முதல் விடைகள் மோசமாகத்தான் வரும். எழுதுங்கள். தினமும் ஒரு கேள்வி, 11 நிமிடம், கையெழுத்தில். மனதுக்குள் விடை சொல்லிப் பார்ப்பது எழுதியதாக ஆகாது.

எழுதியதில் என்ன தவறு என்று பார்ப்பது எப்படி? மேலே சொன்ன உள்ளாட்சி தலைப்பிலேயே ஒரு கேள்வி வந்ததாக வைத்துக்கொள்வோம்: 'உள்ளாட்சி அமைப்புகளுக்கு அதிகாரம் கிடைத்த அளவுக்கு நிதி கிடைக்கவில்லை. விமர்சன நோக்கில் ஆராய்க.'

நான் பார்க்கும் விடைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் தொடங்குகின்றன: 'பழங்காலம் முதலே இந்தியாவில் உள்ளாட்சி முறை இருந்து வந்துள்ளது. சோழர் காலத்தில் குடவோலை முறை இருந்தது. காந்தியடிகள் கிராம சுயராஜ்யத்தை வலியுறுத்தினார்.' எல்லாமே உண்மை, ஆனால் கேள்வி நிதியைப் பற்றியது. இரண்டு நிமிடமும் 40 சொற்களும் போய்விட்டன, கேள்வியை இன்னும் தொடவில்லை. இவருக்குத் தெரிந்ததை எழுதுகிறாரே தவிர, கேட்டதை எழுதவில்லை என்று திருத்துபவருக்கு அங்கேயே தெரிந்துவிடும்.

மாறாக, முதல் வரியே இப்படி இருக்கலாம்: '73-ஆவது திருத்தம் 29 பொருள்களை ஊராட்சிகளுக்குரியவை என்று பட்டியலிட்டது. ஆனால் வரி விதிக்கும் உரிமையை 243-எச் பிரிவின்படி மாநிலச் சட்டமன்றத்தின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது.' சிக்கலின் வேர் ஒரே வரியில் வந்துவிட்டது. அடுத்து நிதி ஏன் போதவில்லை: மாநில நிதி ஆணையங்கள் உரிய காலத்தில் அமைக்கப்படாதது, பரிந்துரைகள் கிடப்பில் கிடப்பது, குறிப்பிட்ட செலவுக்கென்றே கட்டிவைத்து வரும் மானியங்கள், சொந்த வருவாயைத் திரட்ட ஆளும் கருவியும் இல்லாதது. 'விமர்சன நோக்கில்' என்று கேட்டிருப்பதால் மறுபக்கமும் வர வேண்டும்: பணம் மட்டும்தான் பிரச்சினையா? பல இடங்களில் அதிகாரமே காகிதத்தில்தான் இருக்கிறது, பணியாளர்கள் மாநிலத் துறைகளின் கட்டுப்பாட்டில் இருக்கிறார்கள், உள்ளூரில் வரி போட்டால் வாக்குப் போகும் என்று ஊராட்சியே தயங்குகிறது. கடைசியில் இரண்டு மூன்று திட்டவட்டமான யோசனைகள். 250 சொற்களுக்குள் இதெல்லாம் அடங்கும்.

எழுதி முடித்ததும் கேள்வியை மறுபடி வாசித்து, விடையில் கேள்விக்குச் சம்பந்தமில்லாத வாக்கியங்களை அடிக்கோடிடுங்கள். முதல் மாதத்தில் பாதி விடைக்குக் கோடு விழும். இந்தப் பயிற்சிக்கு யாருக்கும் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. கூடப் படிக்கும் ஒருவரிடம் கொடுத்து, கேள்வியைக் காட்டாமல் விடையை மட்டும் வாசிக்கச் சொல்லி, 'இது என்ன கேள்விக்கான பதில்?' என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் கேள்வியும் தாளில் இருந்த கேள்வியும் ஒத்துப்போனால் நீங்கள் சரியான வழியில் இருக்கிறீர்கள்.

கட்டுரைத் தாளைப் பொது அறிவுத் தாளின் நீட்சியாக எழுதுவதும் பரவலான பிழை. இரண்டு கட்டுரை, ஒவ்வொன்றும் 1,000 முதல் 1,200 சொற்கள், 125 மதிப்பெண். இப்போது தலைப்புகள் பெரும்பாலும் தத்துவச் சாயலில் வருகின்றன. துணைத்தலைப்பு போட்டுத் திட்டங்களின் பெயர்களை அடுக்கினால் அது கட்டுரை ஆகாது. முதல் அரை மணி நேரம் யோசனைக்கும் குறிப்புக்கும் போகட்டும், பயப்பட வேண்டாம்.

விருப்பப் பாடம்

மொத்தம் 1,750 எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணில் 500 விருப்பப் பாடத்துக்கு. 'இந்த ஆண்டு இந்த ஆப்ஷனலுக்கு மார்க் போடுகிறார்கள்' என்ற பேச்சை நம்பி எடுத்தவர்கள், அடுத்த ஆண்டு வேறு பேச்சைக் கேட்டு மாற்றுகிறார்கள். முடிவெடுப்பதற்கு முன் அந்தப் பாடத்தின் பாடத்திட்டத்தையும் இரண்டு ஆண்டு வினாத்தாள்களையும் வாசியுங்கள். ஒரு அத்தியாயத்தை ஒரு வாரம் படித்து ஒரு விடை எழுதிப் பாருங்கள். பத்தாவது மாதத்திலும் இதைச் சலிக்காமல் எடுத்து உட்கார முடியுமா? அதுதான் கேள்வி.

தமிழ் இலக்கியம் எடுக்கத் தமிழில் பட்டம் தேவையில்லை. நல்ல தேர்வுதான். ஆனால் தாய்மொழி என்பதால் எளிது என்று எடுத்தால் ஏமாற்றம் வரும். மொழி வரலாறு உண்டு, புறநானூற்றின் குறிப்பிட்ட பாடல்கள் உண்டு, சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டம் உண்டு, கம்பராமாயணத்தின் கும்பகர்ணன் வதைப் படலம் உண்டு. மூலத்தை வாசிக்காமல் உரைநூல் சுருக்கத்தோடு நின்றுவிட்டால் விடையில் மேற்கோள் வராது.

தமிழில் எழுதலாமா?

தாராளமாக எழுதலாம். மெயின்ஸை எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலும் எழுதலாம், நேர்முகத் தேர்வையும் தமிழில் எதிர்கொள்ளலாம். ஆனால் இலக்கியப் பாடங்கள் தவிர மற்ற கேள்வித்தாள்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும். ஆங்கிலத்தில் படித்து நோட்ஸ் எடுத்துவிட்டு, தேர்வுக்கூடத்தில் மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டே எழுதினால் 7 நிமிடம் போதாது. தமிழில் எழுதுவதென்றால் நோட்ஸும் தமிழில் இருக்க வேண்டும். கலைச்சொற்களைத் தமிழில் எழுதி, அடைப்புக்குறிக்குள் ஆங்கிலச் சொல்லைத் தர விதிமுறை இடம் தருகிறது. முழு வாக்கியங்களை ஆங்கிலத்தில் எழுதுவதற்கு அல்ல.

கட்டாய மொழித் தாள்கள் இரண்டு: ஒன்று ஆங்கிலம், ஒன்று இந்திய மொழி. தலா 300 மதிப்பெண், 25 சதவீதம் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் மற்ற தாள்களின் மதிப்பெண் கணக்கிலேயே வராது. ஆங்கில வழியில் படித்தவர்கள் தமிழ்த் தாளில் கட்டுரை, சுருக்கி எழுதுதல், மொழிபெயர்ப்பு ஆகியவற்றை ஒரு முறையாவது மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதிப் பார்க்க வேண்டும். பேசத் தெரிந்த மொழியில் பிழையில்லாமல் எழுத வரும் என்று சொல்ல முடியாது.

டி.என்.பி.எஸ்.சி.யும் சேர்த்துப் படிப்பவர்களுக்கு

இரண்டையும் சேர்த்துத் தயாராவது நல்ல யோசனைதான், பாதுகாப்பும்கூட. பழக்கங்களைக் கலந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். குரூப் 1 முதல்நிலைத் தேர்வில் 200 கேள்விகள், 300 மதிப்பெண். நெகட்டிவ் மார்க் கிடையாது. யு.பி.எஸ்.சி. பழக்கத்தில் முப்பது கேள்வியை விட்டுவிட்டு வந்தால் அது வீண் நஷ்டம். விடைத்தாளில் 'விடை தெரியவில்லை' என்பதற்கு ஐந்தாவது வட்டம் உண்டு. ஏதாவது ஒரு வட்டத்தை நிரப்பாமல் விட்டால் மதிப்பெண் பிடித்தம் இருக்கிறது என்பதால் அறிவுரைப் பக்கத்தைக் கவனமாகப் படியுங்கள். அதேபோல டி.என்.பி.எஸ்.சி.யின் துணிச்சலோடு யு.பி.எஸ்.சி. ஹாலுக்குப் போய் நூற்றையும் நிரப்பாதீர்கள்.

குரூப் 1 முதன்மைத் தேர்வில் பத்தாம் வகுப்புத் தரத்திலான தமிழ்த் தகுதித் தாள் உண்டு. அதில் 40 எடுக்காவிட்டால் மற்ற தாள்கள் திருத்தப்படாது. தமிழ்நாட்டின் வரலாறு, பண்பாடு, சமூக இயக்கங்கள், திருக்குறள் ஆகியவற்றுக்கு யு.பி.எஸ்.சி. நூல்கள் போதாது. இதற்கு மாநிலப் பாடநூல்களைத்தான் படிக்க வேண்டும்.

நேர்முகத் தேர்வு

275 மதிப்பெண். மெயின்ஸ் முடிவு வந்த பிறகுதான் தயாராக வேண்டும் என்று காத்திருப்பவர்கள், விரிவான விண்ணப்பத்தில் எழுதியதை மறந்துவிடுகிறார்கள். பொழுதுபோக்கு என்று 'வாசிப்பு' என எழுதியிருந்தால், கடைசியாக என்ன வாசித்தீர்கள், அதில் எதை ஏற்கவில்லை என்று கேட்பார்கள். உங்கள் மாவட்டத்தின் முக்கியப் பிரச்சினை, படித்த பட்டம் ஏன் நிர்வாகத்துக்கு உதவும், இப்போதைய வேலையை ஏன் விடுகிறீர்கள், எல்லாமே அந்தப் படிவத்திலிருந்து கிளம்பும். அதனால் படிவத்தில் இல்லாத பெருமைகளை எழுத வேண்டாம். தெரியாததற்குத் 'தெரியவில்லை' என்று நேராகச் சொல்வது குறை ஆகாது. சுற்றி வளைத்தால்தான் சிக்கல். மனப்பாடம் செய்த விடையும் குரலிலேயே தெரிந்துவிடும்.

தேர்ச்சி கிடைக்காதபோது

முடிவு வந்த அன்றே அடுத்த முயற்சியைப் பற்றி முடிவெடுக்க வேண்டாம், கைவிடுவது பற்றியும் வேண்டாம். மதிப்பெண் பட்டியல் வரட்டும். அது வந்ததும் ஒவ்வொரு தாளையும் தனித்தனியாகப் பாருங்கள். ஆப்ஷனல் இரண்டு ஆண்டாக ஒரே இடத்தில் நிற்கிறதா, கட்டுரை இறங்கியதா, பிரிலிம்ஸில் கட்-ஆஃபுக்கு எவ்வளவு தூரம்? போன முறை செய்ததையே இன்னும் இரண்டு மணி நேரம் கூட்டிச் செய்வது திட்டம் ஆகாது. எது மாறப் போகிறது என்று ஒரு தாளில் எழுத முடிந்தால்தான் அடுத்த முயற்சிக்கு அர்த்தம் உண்டு.

குடும்பத்தோடும் பேசிவிடுங்கள். எத்தனை முயற்சி, எந்த வயது வரை, அதற்குப் பிறகு என்ன வேலை என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி வைத்தவர்கள், தேர்வுக்கூடத்தில் பதற்றம் குறைவாக உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். மாற்று வழி வைத்திருப்பதால் உழைப்பு குறையாது. வங்கித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி., ஆசிரியர் பணி, படித்த துறையிலேயே வேலை என எதுவாக இருந்தாலும் சரி. வேலைக்குப் போய்க்கொண்டே எழுதுவதாக இருந்தால், காலையில் இரண்டு மணி நேரமும் வார இறுதியும் கிடைக்கும். அந்த நேரத்தில் முதலில் எடுக்க வேண்டியது, போன முறை மதிப்பெண் குறைந்த தாளின் பழைய கேள்விகள்.